பனித்துறைச் சத்திரம் பற்றிய இரண்டாம் ஓலை

வானம் தாழ்ந்து வந்து ஏரிகளில் முகம் பார்க்கும் கொண்டல்நாட்டில், குடைநிழல் குன்றாது வீற்றிருக்கும் அரசர் நெடுவேளாரின் வலக்கையாய் விளங்கும் அமைச்சர் பெருந்தகை வயிரமேகனார் திருமுன்னர், மாற்றுருக் குடியின் மூத்தோன் மருதங்கீரன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மாடங்களில் விளக்கு அணையாதிருக்க. தங்கள் மனையில் மழலையும் நாட்டில் மழையும் நிறைந்திருக்க.

வழிப்போக்கராய் வேடமிட்டு, அரசரின் சத்திரங்களில் உண்டு தங்கி, அங்குள்ள பணியாளர் வருவோரை நடத்தும் விதத்தை எழுதி அனுப்புவது இக்குடியின் ஊழியம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஐந்து தலைமுறையாக இக்குடியின் ஓலையில் பொய் ஏறியதில்லை என்பது பெயர். எழுதியதைத் திருத்தி மறு ஓலை போனதும் இல்லை. இதுவே அவ்வாறு போகும் முதல் ஓலை. செய்தி கேட்டு ஓடிவந்த தம்பியர் இருவரும், குடிப்பெயரை ஒரு சமையற்காரிக்காக ஏரியில் கரைக்கப் போகிறீரா என்று எழுத்தாணியைப் பிடுங்கப் பார்த்தனர். மருதங்கீரன் அவர்களைப் படியிறக்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறான்.

சென்ற மார்கழியில், ஒரு விடியற்பொழுதில், காட்டுவழியாய் அவன் பனித்துறையை அடைந்தான். அன்று நீரும் கரையும் வானும் ஒரே வெண்மையாய் இருந்தன. சத்திரத்துத் தூண்கள்கூட பாதி உயரத்தில் கரைந்துபோயிருந்தன. வந்தவருக்கு ஒரு நாழிகைக்குள் கால்கழுவ நீரும் அடுத்த நாழிகைக்குள் சூடான சோறும் தருவது அரசாணை. அவன் அமர்ந்து மூன்று நாழிகை ஆயிற்று. யாரும் வரவில்லை. படித்துறையில் முதுகு காட்டி நின்ற ஒரு பெண்ணுருவம் மட்டும் சேகண்டியை அடித்துக்கொண்டே இருந்தது. கனவில் கேட்கும் ஓசைபோல அது அருகிலா தொலைவிலா என்று தெரியாமல் ஒலித்தது. பிறகு சில உருவங்கள் பனியோடு பனியாய் ஊர்ப்பக்கம் கடந்து போயின. அவர்கள் யார் என்று அவன் எண்ணவில்லை. நனைந்த சேலையோடு வந்த அந்தப் பெண், பணியாள் தாழைநங்கை, ஆறிய சோற்றை அவன் முன் வைத்தாள்.

ஒரு கேள்வி கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஆனால் வேடமிட்டவன் வினவலாகாது, வினவினால் வேடம் கலையும் என்பது குடிவிதி. அவன் வாயைக் கட்டிக்கொண்டு கையை அவிழ்த்துவிட்டான். பசித்த விருந்தினனைக் காக்க வைத்து, அவள் நீர்க்கரையில் விளையாட்டாய்ச் சேகண்டி அடித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதி அனுப்பினான். பத்து நாளில் தாழைநங்கை வேலையிழந்தாள். சத்திரத்தை ஒட்டியிருந்த வீட்டையும் இழந்தாள்.

தை பிறந்ததும், புதிதாய் அமர்ந்த பணியாளை நோக்கும்படி தாங்கள் இட்ட கட்டளையை ஏற்று, அவன் ஓடமேறிப் பனித்துறைக்குச் சென்றான். நடு ஏரியில் மூடுபனி இறங்கிற்று. ஓடம் எப்பக்கம் போகிறது என்று ஓடக்காரன் வல்லத்தானுக்கே தெரியவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவன் புலம்பத் தொடங்கினான். துறையில் சேகண்டி அடிப்பவன் ஐப்பசியிலேயே செத்துப்போனான் என்றும், வேறு ஆள் வராததால் தாழைநங்கைதான் உலையையும் பார்த்துக்கொண்டு பனியில் ஓடங்களுக்கு வழிகாட்டும் ஓசையும் கொடுத்தாள் என்றும், மார்கழியில் பதினொரு பேரை அப்படித்தான் கரை சேர்த்தாள் என்றும் சொன்னான். எவனோ வயிற்றெரிச்சல் பிடித்த கிழவன், சோறு ஆறிப்போயிற்று என்று ஓலை எழுதிவிட்டானாம். அவன் மட்டும் இப்போது என் ஓடத்தில் இருந்தால் நானே தள்ளிவிட்டு நீந்தச் சொல்வேன் என்றான். புதிய பணியாளோ தன்மேலும் ஓலை போய்விடும் என்று அடுப்பை விட்டு அசைவதில்லையாம். சேகண்டி பூட்டிக் கிடக்கிறதாம்.

மருதங்கீரன் நிமிர்ந்தே அமர்ந்திருந்தான். வாழ்நாளில் முதன்முறையாக அந்த நிமிர்வு அவனுக்குப் பாரமாயிருந்தது.

வெண்மைக்குள்ளிருந்து அப்போது ஓர் ஓசை வந்தது. சேகண்டியின் ஓசையன்று, மெலிந்த ஓசை. அதைப் பற்றிக்கொண்டு ஓடம் மெல்லக் கரை சேர்ந்தது. முழங்கால் நீரில் நின்று, கரண்டியால் தன் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள் தாழைநங்கை. யாரும் அவளை அடிக்கச் சொல்லவில்லை. அவனைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டு, பெரியவரே, அன்று உங்களைப் பட்டினி போட்டது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது, பொறுங்கள் என்று அப்போதே நான் ஒரு குரலாவது கொடுத்திருக்கலாம், இன்றைக்கு என் குடிசையில் சூடாக உண்டு போங்கள் என்றாள்.

அந்த ஓலையை எழுதியவன் நானே என்று அவன் சொன்னான். ஐந்து தலைமுறை வேடம் அங்கே கலைந்தது. அவள் கரையேறிக் குடிசைக்குப் போய் அவன் முன் இலை போட்டாள். பிறகு, சோறு ஆறுகிறது, முதலில் உண்ணுங்கள், அப்புறம் கோபப்பட்டுக்கொள்கிறேன் என்றாள். அவ்வாறே கோபப்பட்டாள். அச்சொற்கள் அமைச்சர் செவிக்கு ஏற்றவையல்ல. இலைமுன் அமர்ந்தபடி அவன் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டான்.

ஆகவே இதைத் தெரிவிக்கிறான்: மூன்று நாழிகை உண்மை, சோறு ஆறியதும் உண்மை. அவற்றை அவன் அழிக்கவில்லை. தாழைநங்கையும் அழிக்கச் சொல்லவில்லை. விளையாட்டாய் என்ற ஒரு சொல் மட்டும் அவன் கண் கண்டதன்று. அதை அவன் பசி எழுதியது. இக்குடியின் ஓலையில் ஏறிய முதற்பொய் அதுவே. முதல் ஓலையை எரிக்காமல் இதனோடு ஒரே கயிற்றில் கோத்து வைத்தருள்க. அவளை மீண்டும் பணியிலும் வீட்டிலும் அமர்த்துக. சேகண்டிக்குத் தனியாள் தருக. வேடம் கலைந்தாலும் சரி, எழுதும் முன்பு காரணம் கேட்க வேண்டும் என்பது இன்றுமுதல் இக்குடிக்கு அவன் இடும் கட்டளை.

கலைந்த வேடம் இனி உதவாது. ஆதலால் குடியின் முத்திரை மோதிரத்தை இம்மெழுகில் இறுதியாய்ப் பதித்து, ஓலையோடு அனுப்பியுள்ளான். மறுமொழி ஏரி கடந்து வரட்டும். பனி அடர்ந்திருந்தாலும் ஓடக்காரன் அஞ்ச வேண்டா. அதுவரை தாழைநங்கை தன் குடிசை உலையருகே இருப்பாள். படித்துறையில் நின்று மருதங்கீரன் தாம்பாளம் தட்டிக்கொண்டிருப்பான்.