மாற்றி வைத்த ஒரு வரி

இன்று காலை புதிதாக வந்த சர்க்யூட் போர்டுகளின் உறையைக் கிழித்ததும் அந்த ஈயப் பற்றாசு வாடை வந்தது. கூடவே உன் நினைப்பும். ஒரு போர்டைக் கேபிளில் மாட்டிப் புரோகிராமை ஏற்றினேன். போர்டிலிருந்து பதில் இல்லை என்று திரையில் சிவப்பு எழுத்துகள் வரிசையாக இறங்கின. அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருந்தது.

புதுக்கோட்டையில் நாம் இருவரும் சேர்ந்து கடை வைத்திருந்தோம். ஐஸ் பிளான்டுகளில் குளிர் குறைந்தால் மணியடிக்கும் கருவி செய்து கொடுப்போம். கல்லூரியில் நான்தான் முதல் மாணவி. நீ இரண்டு பேப்பரில் அரியர் வைத்தவள். ஆனால் ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளான்ட் முதலாளி, போனை நான் எடுத்தால், "அந்தப் புள்ள இல்லையாம்மா?" என்பார். அந்தப் புள்ள நீ. போனை உன்னிடம் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவருடைய கருவி செத்துப்போனது. "ஒரு ஆள நாள் பூரா தெர்மாமீட்டர் முன்னாடி நிறுத்தி வச்சிருக்கேன். மீன்புடி போட்டெல்லாம் ஐஸுக்கு நிக்குது. வெரசா வாங்கம்மா" என்றார். கையிலிருந்தவை எல்லாம் புதிய போர்டுகள். ஒன்றுகூடப் புரோகிராமை வாங்கவில்லை. நீ கேபிளை மாற்றினாய், வேறு கம்ப்யூட்டரில் பார்த்தாய், டிரைவரை அழித்து மறுபடி போட்டாய். மத்தியானம் சோர்ந்துபோய்ச் சாப்பிட வீட்டுக்குப் போனாய்.

நான் போகவில்லை. பார்வைக்கு எல்லாம் ஒரே போர்டுதான். ஆனால் புரோகிராமை வாங்கி உள்ளே வைக்கும் பூட்லோடர் மட்டும் பழைய வகை. நாம் அனுப்பும் வேகம் அதற்குப் புரியாது. கான்ஃபிகரேஷன் ஃபைலில் வேகம் 115200 என்றிருந்த வரியை 57600 ஆக்கினேன். புரோகிராம் ஏறியது. போர்டில் விளக்கு சிமிட்டியது.

பிறகு அந்த வரியைப் பழையபடியே மாற்றி வைத்தேன்.

நீ திரும்பி வந்து சாயங்காலம் வரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். "லேப்டாப்ப எடுத்துக்கிட்டு காலைல அங்கயே போயிருவோம்டி" என்றேன். நான் அதைச் சரிசெய்வது முதலாளியின் கண் முன்னால் நடக்க வேண்டும் எனக்கு.

அப்படியே நடந்தது. ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்து, யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வரியை மாற்றினேன். புரோகிராம் ஏறியது. கருவியைப் பொருத்தியதும் மணி அடித்துப் பார்த்தோம். "அட, நீயும் கெட்டிக்காரிதான் போல!" என்றார் முதலாளி. நீ கை தட்டினாய். "நான்தான் அப்பவே சொன்னேன்லண்ணே, இவ மூளையே வேற" என்றாய். ராத்திரி முழுக்கத் தூங்காமல் தெர்மாமீட்டரைப் பார்த்த அந்த ஆள் சிவந்த கண்களோடு என்னைக் கும்பிட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும் பஸ் மணமேல்குடியைத் தாண்டியதும் நீ மெதுவாகக் கேட்டாய். "நேத்து நீ கெளம்புனப்பறம் எல்லா போர்டையும் ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்தேன்டி. ஒண்ணுல மட்டும் லைட்டு சிமிட்டுச்சு. நீ ஏத்துனதுதானே?"

உன் குரலில் கோபமில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெட்கத்தைவிடப் பொறாமைதான் எனக்கு முதலில் வந்தது. தெரிந்தும் கை தட்டியிருக்கிறாள். இதிலும் என்னை முந்திவிட்டாள் என்று. நீ பதிலுக்குக் காத்திருந்து, அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை.

காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாய். துக்கத்துக்கு வந்த முதலாளி வாசலிலேயே உட்கார்ந்து தேம்பினார். எனக்காக இப்படி அழ யார் வருவார்கள் என்று அங்கேயும் கணக்குப் பார்த்தது என் மனசு. உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது?

ஆமாடி, நான்தான் ஏத்தினேன். இதை அன்றைக்கே பஸ்ஸில் சொல்லியிருந்தால், "சரி விடுடி" என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பாய். அப்படி விட்டுவிட உன்னால் முடிந்ததே, அதன் மேல்தான் எனக்கு இன்னும் பொறாமை.