நம்ம ரெண்டு ஓட்டு

ஓட்ஸ் அடிப்பிடித்துவிட்டதடி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் என் வீடு முழுக்க அந்த நாற்றம். சர்க்கரை ஏறிவிட்டது, காலையில் ஓட்ஸ் குடியுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு இந்தத் தண்டனை. கிளாஸ்கோவில் நாம் இரண்டு பேரும் இருந்த வீட்டிலும் காலைதோறும் இதே நாற்றம்தான். நீ அதில் வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டு, நெத்திலியைப் பொரித்துத் தூவி, "இதாண்டி ஸ்காட்லாந்துக் கஞ்சி" என்று நீட்டுவாய். இன்று நான் அடுப்பை மறந்ததற்குக் காரணம் உன் மகளின் போன்.

வருகிற ஞாயிறு பண்டமாரான் வீட்டில் உன் முதல் வருஷத் திதி பிரேயர்ஸ். பூஜை முடிந்து இலை போடுவதற்கு முன்னால் நான் பேச வேண்டுமாம். "அம்மாவும் நீங்களும் ஸ்காட்லாந்து சுதந்திரத்துக்கு யெஸ் போட்ட கதைய சொல்லுங்க ஆன்டி. பிள்ளைங்க கேக்கட்டும் லா. அம்மாவுக்கு அதானே பெரும."

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று கேட்காதே, பட்டியல் நீளம். முதலில் என் மேல்தான். அந்தக் கதையில் பாதி பொய். நீ யெஸ் போட்டாய். நான் நோ போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து, உன் முகத்தைப் பார்த்து யெஸ் என்று சொன்னேன். நீ கண்ணை மூடும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிள்ளானில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஒன்றாகக் கிளாஸ்கோவுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவர்கள் நாம். அத்தனை வருஷம் அங்கே இருந்தும் மலேசியப் பாஸ்போர்ட்டை இரண்டு பேரும் விடவில்லை. காமன்வெல்த் நாட்டுக்காரர்கள், அங்கேயே குடியிருப்பவர்கள் என்பதால் ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுப் பிரிய வேண்டுமா என்ற கேள்விக்கு நாமும் ஓட்டுப் போடலாம் என்று தெரிந்த நாளில் நீ சமையலறையில் ஒரு ஆட்டமே ஆடினாய். "அவனுங்க தலையெழுத்த தூக்கி நம்ம கையில குடுத்திருக்கானுங்கடி!" என்றாய். மறுநாளே யெஸ் பேட்ஜைக் கோட்டில் குத்திக்கொண்டாய்.

எனக்கு அப்போதே எரிச்சல்தான். தொலைக்காட்சியைத் திறந்தால் பவுண்டா புது நாணயமா, பென்ஷன் வருமா வராதா, கடலில் எண்ணெய் எத்தனை நாள் இருக்கும் என்று ஒரே கூச்சல். ஒரு ஜனம் தன்னைத் தானே ஆள வேண்டுமா என்ற கேள்வியை மீன்கடை பேரமாக்கிவிட்டார்கள் என்று நீ கொதித்தாய். அதில் நியாயம் இருந்தது. ஆனால் உங்கள் பக்கத்துக்காரர்கள் மட்டும் என்ன? பவுண்டைத் தரமாட்டோம் என்று லண்டன் முகத்தில் அடித்தாற்போல் சொன்ன பிறகும், "அதெல்லாம் குடுப்பான்" என்றார்கள். "எண்ணெய் இருக்குடி, கவல எதுக்கு?" என்பாய் நீ. "எண்ணெ வெல தேங்கா வெல மாதிரிடி, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு" என்பேன் நான். பெட்பான் கழுவும்போதுகூட இந்தச் சண்டை நிற்காது.

அப்புறம்தான் அந்த ஊருக்குப் போனோம். யோசனை உன்னுடையது. என் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த தோட்டத்தை நம் ஆட்கள் ஆறாங்கட்டைத் தோட்டம் என்பார்கள். ஆனால் ஆபீஸ் போர்டில் இருந்தது ஏதோ ஒரு ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர். துரை தன் ஊர்ப் பெயரை நம் காட்டுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தான். "உங்கப்பன் தோட்டத்துப் பேர்ல இங்க ஒரு ஊரு இருக்குடி, வா பாத்துட்டு வருவோம்" என்று லீவு நாளில் பஸ் ஏற்றினாய்.

சின்ன ஊர். ஒரு தேவாலயம், அதை ஒட்டி ஒரு மண்டபம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் அன்பாகத்தான் டீ கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நீ சட்டென்று, "இவ இந்த ஊர்தான். அப்பா இந்த ஊர் பேர்ல உள்ள தோட்டத்துல நாப்பது வருஷம் ரப்பர் எடுத்தாரு" என்று உன் கிளாஸ்கோ இங்கிலீஷில் சொன்னாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் குளிரில் ரப்பரா என்றார். நீ பொறுமையாக மலாயாவை விளக்கினாய். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பாவம், அதெல்லாம் இங்கிலீஷ்காரர்கள் செய்த வேலை, நாங்களும் அவர்களுக்கு அடிமைப்பட்டுக் கிடக்கிறவர்கள்தானே என்றார். அவர் தலைக்கு மேலேயே பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. மலாயாவில் தோட்டத்துரையாக இருந்த இந்த ஊர்க்காரர் கட்டிக் கொடுத்த மண்டபம் இது என்று அதில் வெட்டியிருந்தது. தினமும் அதைத் துடைக்கிறவர் அவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்களே, இவர் மறைக்கக்கூட இல்லை. சுவரில் மாட்டிவைத்துக்கொண்டே இல்லை என்கிறார்.

நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். என் அப்பாவின் முதுகில் ஏறி உட்கார்ந்தவனின் ஊர்க்காரன், தானும் அடிமை என்று எனக்கே ஆறுதல் சொல்கிறான்! பஸ்ஸில் உன்மேல் பாய்ந்தேன். "இவனுக்கா ஓட்டுப் போடச் சொல்ற? இவனுக்கா?"

நீ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய். "அதுக்குத்தாண்டி போடணும். இப்போ எதக் கேட்டாலும் லண்டன்காரன் செஞ்சான்னு கைய காட்டிட்டுப் போயிடுறானுங்க. தனிக்குடித்தனம் போகட்டும். போறவன் பங்கு பாத்திரத்த மட்டும் தூக்கிட்டுப் போக முடியாது, பழியையும் தூக்கிட்டுத்தான் போகணும். அப்புறம் உங்கப்பனுக்காக எந்த வீட்டுக் கதவத் தட்டுறதுன்னு நமக்கு ஒரு விலாசமாச்சும் இருக்கும்ல?"

அந்த வாதத்தை அந்த நாட்டில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, யெஸ்தான் போடுவேன் என்று பஸ் நிற்பதற்குள் உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது பொய்யில்லை.

ஆனால் நீ நீல அட்டை வீட்டில் பிறந்தவளடி. உங்கப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர், காகிதமெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தவர். என் அப்பா தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறந்ததற்குக் காகிதம் இல்லை. மலாயா தனி நாடானபோது ஆறாங்கட்டையிலும் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்களாம். அப்பாவும் வாங்கித் தின்றார். அப்புறம் மேசை போட்டார்கள். காகிதம் காட்டியவனுக்கு நீல அடையாள அட்டை, காட்டாதவனுக்குச் சிவப்பு. பிறந்த மண்ணிலேயே நீ வெளியாள் என்று சொல்லும் அட்டை. பின்னால் பால்மரம் வெட்டுவதற்கே பெர்மிட் எடு என்றார்கள். சாகும்வரை அந்தச் சிவப்பு அட்டை அவர் சட்டைப் பையில் இருந்தது. மழை வந்தால் தலையை விட்டுவிட்டு அந்தப் பையைத்தான் கையால் மூடுவார். அவரிடம் இருந்தது சிவப்பு அட்டை என்பது உனக்குத் தெரியும். மழையில் அவர் கை எங்கே போகும் என்பது தெரியாது. நான் சொல்லவில்லை. வெட்கம்.

ஓட்டுப் போட்ட பள்ளிக்கூட மண்டபத்தில் நீ முன்னால், நான் பின்னால். மறைப்புக்குள் பென்சிலை எடுத்தேன். பவுண்டு நினைவுக்கு வரவில்லை, பென்ஷன் வரவில்லை. புதிதாக ஒரு நாடு, அதற்கு ஒரு மேசை, எதிரே கறுப்பு ஆட்களின் வரிசை, இவ்வளவுதான் தெரிந்தது. ஓட்டே கொடுத்தவர்கள் துரத்துவார்களா என்று நீ கேட்டிருப்பாய். மிட்டாய் கொடுக்கும்போது எல்லாருமே நல்லவர்கள்தான். கை நோ கட்டத்தில் போய் நின்றது. வெளியே வந்ததும் "போட்டியாடி?" என்றாய். "யெஸ்தான், வேற என்ன" என்றேன். நாக்குக் கூசவில்லை. நீ கட்டிப்பிடித்துக்கொண்டாய்.

விடிந்தபோது தோற்றிருந்தோம். தோற்றிருந்தாய். போர்வையைச் சுற்றிக்கொண்டு, "நம்ம ரெண்டு ஓட்டு இருந்தும் போச்சேடி" என்று விம்மினாய். நான் டீ போட்டுக் கொடுத்து உன் முதுகைத் தடவினேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. என்ன பிறவி நான்!

அதற்குத் தண்டனையும் வந்தது. சில மாதத்தில் எண்ணெய் விலை விழுந்தது. நான்தான் அன்றே சொன்னேனே என்று வாயைத் திறக்க முடியவில்லை, நானும் யெஸ் போட்டவள் அல்லவா! நோ போட்டால்தான் ஐரோப்பாவில் இருக்கலாம் என்று பயமுறுத்திய அதே ஆட்கள், இரண்டே வருஷத்தில் வேறொரு ஓட்டெடுப்பு வைத்து, ஸ்காட்லாந்தையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஐரோப்பாவை விட்டுக் கிளம்பினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் இருக்கிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஊர் திரும்பியபிறகும் நீ விடவில்லை. லண்டன் சம்மதிக்காமல் இன்னொரு ஓட்டெடுப்பு முடியாது என்று நீதிமன்றம் சொன்ன அன்று பண்டமாரானிலிருந்து போன் போட்டு, "பாத்தியா, புருஷன விட்டுப் போறதுக்கும் புருஷன்கிட்டயே பெர்மிஷன் கேக்கணுமாம் லா!" என்று கத்தினாய். நானும் கத்தினேன். உன்னைவிட எனக்குத்தான் அதிகம் வயிறு எரிந்தது. அவர்கள் பக்கம் குத்தியவள் நான், ஏமாந்தவள் நான். அதை உன்னிடம் சொல்லி அழக்கூட வழியில்லாமல் நானே கதவை அடைத்திருந்தேன்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடத்தான் வந்தேன். ஊசி போட வந்த பெண்ணிடம் நீ முந்திக்கொண்டாய். "இது என் கூட்டாளி. சின்னதுலேருந்து ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றாய். தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உண்மையைத்தான் சொல்லப் போகிறேன். உன் மகள் முகம் சுண்டிப்போகும், போகட்டும். நீ பஸ்ஸில் சொன்னதையும் சொல்வேன். அதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை என்பதையும் சொல்வேன். அத்தனை பேர் கேட்பார்கள், கேட்க வேண்டியவள் இருக்கமாட்டாய். உன்னிடம் அன்றே சொல்லியிருந்தால் துரோகி என்று கத்தியிருப்பாய். ஒரு வாரம் பேசியிருக்கமாட்டாய். எட்டாம் நாள் என் அறைக் கதவைத் தட்டி, "ஏண்டி அப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்டிருப்பாய். நான் அப்பாவின் கையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அந்தச் சண்டைக்குப் பயந்து, நீ கேட்டிருக்கக்கூடிய அந்த ஒரு கேள்வியை நானே இல்லாமல் ஆக்கிவிட்டேன். இப்போது என்னை யார் கேட்பார்கள்?