வேறு பெயரில் இறக்கிய லைப்ரரி

மார்ச் 11, திங்கள்

சம்பளப் புரோகிராம்களைப் பதிந்து நான் கொண்டுவந்த டேப்பை இந்தக் கிளை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் ஏற்கவே மாட்டேன் என்கிறது. தலைமை அலுவலக மெஷின் புதியது. இது இரண்டு வெர்ஷன் பழையது. புரோகிராம் லைப்ரரியைச் சேமிக்கும்போதே பழைய வெர்ஷனுக்கு என்று குறிப்பிட்டுச் சேமிக்க வேண்டும். அங்கே ஆபரேட்டர் அண்ணன் மறந்துவிட்டார். போனில் பிடித்தால், "ஐயோ, பழக்கதோஷம்மா! மறுபடி சேவ் பண்ணி அனுப்புறேன்" என்கிறார். அவருக்கென்ன! வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் கப்பலேறுகிறார். திரும்பி வர ஒன்பது மாதம். நான் இங்கே ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 12

டேப் வரவில்லை. இவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 13, புதன்

வந்தது. மெஷினும் ஏற்றுக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும் சம்பள லைப்ரரியின் மேலேயே, பழையது அழியும்படி இறக்கினால் மதியமே பஸ் ஏறலாம். வேறு பெயரில் இறக்கி, பழையதோடு ஒவ்வொரு புரோகிராமாக ஒப்பிட்டால் வெள்ளி சாயங்காலம் ஆகிவிடும். கை கீபோர்டு வரை போய்விட்டது. யார் கேட்கப்போகிறார்கள்? பழையதற்குப் பேக்கப் எடுத்துவைக்கலாம், சரி — நான் ஊர் போன பிறகு சம்பளம் தப்பாக ஓடினால் அதைத் திரும்பப் போடுவது யார்?

வேறு பெயர் கொடுத்தேன்.

இவரிடம் போனில் சொன்னேன். "உன்ன எனக்குத் தெரியாதா? முடிச்சிட்டே வா" என்றார்.

மார்ச் 14

ஒரு புரோகிராம் பொருந்தவில்லை. இங்கே இருப்பது எங்களுடையதைவிடப் புதியது! சம்பளப் பிரிவு அக்காவைக் கேட்டேன். "ஆமா, நைட் ஷிஃப்ட் அலவன்ஸுக்காக இங்கயே மாத்திக்கிட்டோமே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

தூக்கிவாரிப் போட்டது. மேலே இறக்கியிருந்தால் நைட் ஷிஃப்ட்காரர்கள் அத்தனை பேர் வயிற்றிலும் அடித்திருப்பேன். செய்தது சரிதான். சரியாக இருந்து என்னத்தைக் கண்டேன்?

மார்ச் 15, வெள்ளி

அவர்கள் மாற்றத்தையும் சேர்த்து ஓட்டினேன். சம்பளம் பைசா பிசகவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

துறைமுகத்திலிருந்து இவர் பேசினார். "சாப்பிட்டியா?" என்றார். எவ்வளவோ சொல்ல வைத்திருந்தேன். "ம்" என்றேன், பாவி.

மார்ச் 16

வீடு வந்து சேர்ந்தேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, சொட்டுகிறது என்று மாதக்கணக்கில் இவரை நச்சரித்தேன். கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார். ஒரு சொட்டு விழவில்லை. வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருக்கிறது.