முனியாண்டிக்கு வைத்த கண்கள்

12.8.1998, புதன்

அலோர் காஜா ஊர்க் கணினி வகுப்பில் இன்று எனக்குக் கோபம் வந்தது. கணினி விளையாட்டுக்கு ஒரு பாத்திரம் வரைவது எங்கள் பயிற்சி. நான் எங்கள் தோட்டத்துக் காவல் சாமி முனியாண்டியை எடுத்துக்கொண்டேன். இந்த வயதில்தான் மௌஸைப் பிடிக்கவே பழகுகிறேன். மீசை ஒழுங்காக அமையவே பல நாள் ஆயிற்று. கண்களை மட்டும் வரையவில்லை. சாமி உருவத்துக்குக் கண் திறப்பது கடைசியில்தான். வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு வந்து வைக்கலாம் என்றிருந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று திரையைத் திறந்தால் முனியாண்டி என்னைப் பார்க்கிறார். பொம்மைக்கு வைப்பதுபோல் பெரிய, பளபளக்கும் கண்கள்.

“அங்கிள், கண்ணு போட மறந்துட்டீங்க லா. நானே போட்டு, லேயரெல்லாம் ஒண்ணாக்கி சேவ் பண்ணிட்டேன்,” என்றாள் ஆசிரியை சுமதி.

“சாமிக்கு இப்பதான் தூக்கம் தெளிஞ்சிருக்கு!” என்று பின்வரிசையில் என்னோடு படிக்கும் மணியம் சிரித்தார்.

கண்ணும் முகமும் ஒரே அடுக்காகிவிட்டன; இனிக் கண்ணை அழித்தால் முகமும் சேர்ந்து அழியும். அந்தப் பெண் ஆசையாகத்தான் செய்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம். “ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றேன். அவள் மகிழ்ந்துபோய் அதை அச்செடுத்து, கீழே என் பெயரை எழுதி, வகுப்புச் சுவரில் ஒட்டினாள். டேப்பை வெட்டிக் கொடுத்தது நான்தான்.