ரங்கபஞ்சமிச் சாயம்

16 ஏப்ரல் 2004, வெள்ளி

வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம் குறைந்து உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கிறது என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டர். பார்வோ வைரஸாம். நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகள் யாருக்காவது கன்னம் சிவந்திருந்ததா என்று கேட்டார்.

ருதுஜாவுக்குத்தான். போன மாதம், ஹோலிக்கு ஐந்தாம் நாள் கலர் பூசி விளையாடும் ரங்கபஞ்சமிச் சாயத்தைக் கழுவாமல் யுகேஜிக்கு வந்துவிட்டாள் என்று திட்டி, ஈரக் கைக்குட்டையால் அவள் கன்னத்தைத் தேய்த்தேன். கலர் விளையாடவே இல்லை என்று அழுதாள், பாவி நான் நம்பவில்லை.

சிவந்த பிறகு தொற்றாதாம். அதற்கு முன்னால், வெறும் சளியாக இருக்கும்போதுதான் தொற்றுமாம். அந்த வாரம் முழுக்க அவள் மூக்கைத் துடைத்துவிட்டதும் நான்தான்.

காலையில் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றப் போகிறார்கள்.

"பாப்பா அசையுதா?" என்று இவர் வயிற்றில் கை வைத்துக் கேட்டார்.

"இப்பத்தான் அசைஞ்சுது" என்றேன். மத்தியானத்திலிருந்து அசையவே இல்லை.