பாலத்துல ஓடாதீங்க

இஞ்சாருங்க, நான் கட்டுகஸ்தோட்டைக்கு என்ட வாப்பாவைப் பாக்கப் போறேன். சோறு மூடி வெச்சிருக்கேன். என்ட கோபம் இன்னும் ஆறல்ல. பஸ்ஸுக்குக் கூட ஓடாத மனிசன், மாத்தளை ஓட்டப்பந்தயத்துக்குப் பழகுறேனெண்டு விடியக்காலையில கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல ஓடினா சனம் என்ன நினைக்கும்? நம்மட ஊர்ல மவுத்துச் செய்தி சொல்லத்தானே ஆள் ஓடும்! வாப்பா மவுத்தாப் போயிட்டாரெண்டு நினைச்சு, தூக்கிட்டுப் போக சந்தூக்கோட வந்து நிண்ட சனத்துக்கு, சுகமில்லாமக் கிடந்த வாப்பாவே எழும்பிக் கதவு திறந்தார். இனி அந்தப் பக்கம் ஓடாதீங்க.

வீட்டைப் பூட்டி, திறப்பை பக்கத்து வீட்டு றலியா தாத்தாட்டக் குடுங்க.

றம்லத்

இப்பதான் தம்பி தாஸிம் வந்தான். வாப்பாக்கு மூச்சு இழுக்குதாம், உங்களைக் கேக்கிறாராம். சோறு கிடக்கட்டும். பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. சனம் நினைக்கிறதை நினைக்கட்டும், பாலத்தால ஓடியே வாங்க.