மூன்று துண்டு வெள்ளை மீன்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், என் முட்டி வலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், ஆனால் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை, ஆகவே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உண்மையாகவே சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பேருக்கு மேலதிகாரியானவளை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா என்று கேட்காதே, அந்தப் பத்துப் பேரும் நீ மேஜை மேல் ஏறிக் குதித்ததைப் பார்த்தவர்கள் இல்லை. கண்ணாடிக் கடையில் முதலாளி லென்ஸ் வெட்டப் புது மெஷின் வாங்கிவிட்டார். நான் ஒரு மணி நேரம் தேய்ப்பதை அது நாலு நிமிஷத்தில் தேய்த்துத் துப்பிவிடுகிறது. எனக்கு இப்போது ஃபிரேமில் திருகு மாட்டுகிற வேலைதான், அதற்கு மட்டும் இன்னும் மனுஷக் கை வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். பெரிய எழுத்தில், அம்மா செய்யும் வெள்ளை மீனும் அந்தப் பச்சைத் தழை சாஸும் எப்படிச் செய்வது என்று. கடைசியில் ஓரமாகப் பொடி எழுத்தில், அம்மா என் மேல் கோபத்தோடுதான் போனாளா என்று. முதலாவதற்கும் எனக்குப் பதில் தெரியாது, இரண்டாவதற்கும் தெரியாது. நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பின அன்று அவள் செய்து வைத்த மீனைத் தொடாமல் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாய். அவ்வளவு தூரம் நீ போவதே அவளுக்குப் பிடிக்கவில்லை, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல் இதுவும் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் நாலு வருஷம் நீ எப்போது போன் செய்தாலும் அவள் கை ஈரமாகவே இருந்தது, என்னிடம் தள்ளிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்த மீனை மட்டும் விடாமல் செய்தாள், இரண்டே துண்டு. ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் உன் பேச்சை எடுக்கவில்லை. நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கோபமெல்லாம் இல்லையம்மா என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம், ஆனால் எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், கடிதத்தில் காது தெரியாதே என்றாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய். சரி, முதல் கேள்விக்காவது பதில் சொல்லலாம் என்று நானே அடுப்படியில் இறங்கினேன். இரண்டு ஞாயிறு கெட்டது. தழையை மிக்ஸியில் போட்டேன், சூடேறிக் கறுத்து, மழைக்கு அப்புறம் செருப்பில் ஒட்டுகிற புல் மாதிரி ஆகிவிட்டது. மீன் சட்டியோடு சம்பந்தம் செய்துகொண்டு என்னோடு வரமாட்டேன் என்றது.

போன ஞாயிறு காலை பதினோரு மணி. நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, எதிர்ப்பக்கம் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். இதைச் சொல்வது எதற்கென்றால், இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். ரேடியோவில் செய்தி கேட்டபடி தழையை நறுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னவோ சரியில்லை என்று தோன்றியது. ரேடியோ ஓடுகிறது, ஆனால் ஒரு சொல் கூட என் காதில் ஏறவில்லை, கத்திச் சத்தம் மட்டும் சன்னமாக, ஒரே சீராகக் கேட்டது. எனக்கு அப்படி நறுக்க வராதே என்று குனிந்து பார்த்தேன். கத்தி என் வலது கையில் இருந்தது. நான் இடது கைக்காரன், அறுபத்து மூன்று வருஷத்தில் வலது கையால் ஒரு பென்சில் கூடச் சீவியதில்லை. கையை நிறுத்த நினைத்தேன், நிறுத்தவில்லை. முடியவில்லையா, மனம் வரவில்லையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கை செய்ததை நான் பார்த்தேன், பார்த்ததை எழுதுகிறேன், குறித்துக்கொள். மீனுக்கு உப்புத் தடவித் துணி மேல் இருபது நிமிஷம் வைத்து, வடிந்த தண்ணீரை ஒற்றி எடுத்தது. கொத்தமல்லி இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு, ஒரு பல் பூண்டு, எல்லாம் கத்தியால்தான். பிறகு ரொட்டி டப்பாவைத் திறந்து, காய்ந்த ஓரத்தைப் பிய்த்து வினிகரில் ஊறப்போட்டுப் பிழிந்து தழையோடு சேர்த்து மசித்தது. வாலு, முப்பத்தைந்து வருஷம் அந்த சாஸைச் சாப்பிட்டவன் நான், அதில் ரொட்டி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதது என் கைக்கு எப்படித் தெரிந்தது? எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டது, எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்தது. சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு மீனைத் தோல் பக்கம் கீழே வைத்து, விரல் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. சுடவில்லை. ஓரத்து வெளுப்பு மேலே ஏறும்வரை திருப்பவில்லை, ஒரே தடவைதான் திருப்பியது, நடுவில் கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும்போதே இறக்கிவிட்டது, மிச்சத்தை அதன் சூடே பார்த்துக்கொண்டது. சாஸை மேலே ஊற்றவில்லை, தட்டில் பரப்பி அதன் மேல் மீனை வைத்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டுகிற சத்தம். மேல் மாடி நர்ஸ், டியூட்டி முடிந்து வந்தவர், வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. என்னையும் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “அக்காதான் நிக்கிறாங்கன்னு நெனச்சிட்டேண்ணே. வாசனைய விடுங்க, கீழ்ப்படியிலயே கத்திச் சத்தம் கேட்டுச்சு, அது அவங்களோடது” என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் மேஜையைப் பார்த்து, யாராவது வருகிறார்களா என்று கேட்டார். அப்போதுதான் நானும் திரும்பிப் பார்த்தேன். மூன்று தட்டு இருந்தது. இல்லை என்றேன். அவர் கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார். இந்த வாரம் முழுக்க என்னைக் கண்டால் வணக்கத்தோடு சரி.

நடுவில் நடந்த ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன், அதை எழுதத்தான் இந்தக் கடிதமே. சட்டியில் வைக்குமுன், மீனை மூன்றாக வெட்டிய பிறகு கை என் கடைப் பையைத் திறந்து திருகு எடுக்கிற சின்ன இடுக்கியை எடுத்தது. உனக்கு ஏழு வயதில் தொண்டையில் முள் மாட்டியதே, அதிலிருந்து உன் துண்டில் மட்டும் அவள் அந்த இடுக்கியால்தான் முள் எடுப்பாள், மறுநாள் கடையில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாம் மீன் வாடைக்கு மூக்கைச் சுளிப்பார்கள், எனக்கும் அவளுக்கும் அதில் வாராவாரம் சண்டை. நீ போன பிறகு வீட்டில் இடுக்கி பையை விட்டு அசையவில்லை, நானும் அவளும் முள்ளோடுதான் தின்றோம். போன ஞாயிறு என் ஆள்காட்டி விரல் அந்த மூன்றாவது துண்டின் மேல், முள் சாய்வுக்கு எதிர்ப்பக்கமாகத் தடவிக்கொண்டே போய், ஒவ்வொரு முள்ளாக நிதானமாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்தது. கண்ணுக்குத் தெரியாத முள்ளைக் கூட விடவில்லை. மற்ற இரண்டு துண்டையும் தொடவே இல்லை. நான் நின்றுகொண்டே அழுதேன், ஆனால் அந்தக் கை நடுங்கவில்லை. மனதில் கோபத்தை வைத்திருக்கிறவள் முள் பார்க்க மாட்டாள் கண்ணு. உன் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில், சத்தியமாக என் காது சிவக்கவில்லை.

இன்றைக்கும் ஞாயிறு, மறுபடி செய்து பார்த்தேன். எல்லாம் அதே மாதிரி, ரொட்டி ஓரம் உட்பட. கத்தி இடது கையிலேயே இருந்தது, மாறவே இல்லை. மீன் நன்றாகத்தான் வந்தது, ஆனால் வீட்டில் நான் ஒருத்தன்தான் இருந்தேன், அது நன்றாகத் தெரிந்தது. அவள் இங்கே இல்லை. எங்கே கிளம்பியிருப்பாள் என்று யோசித்தேன், எனக்கு ஒரே ஒரு இடம்தான் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், நீ தீர்க்காயுசாக, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும். மீன் வாங்கினால் தோலோடு வாங்கு, உப்புத் தடவி இருபது நிமிஷம் வைக்க மறக்காதே. நறுக்கும்போது உன் கை உன் பேச்சைக் கேட்காமல் போனால் பயந்து உதறிவிடாதே, அவள் முடிக்கும்வரை விட்டுவிடு.

என்றும் உன் நினைவோடு,
அப்பா